எந்தச் சிகரத்தை ஏறுவது?

இராமேசுவரம் தீவிலேயே உயர்ந்த இடம் கந்தமாதன பர்வதம். இராமர் பாதம் என்று யாத்திரிகர்கள் தரிசிக்கும் அந்த மணல்மேட்டின் உச்சிக்கு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒரு தாய் ஏறிவிடலாம். அங்கிருந்து பார்த்தால் தெரிவதெல்லாம் பனையும் தென்னையும் கருவேலமும், கோபுரமும், நாற்புறமும் கடலுமே. இத்தகைய சமதரைச் சீமையில் உட்கார்ந்துகொண்டு இமயத்தின் சிகரங்களைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் மலையின் உயரம் கடற்கரையில்தான் ஆரம்பமாகிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நில அளவைத் துறையினர் தேசத்தின் உயரங்களையெல்லாம் ஒரே ஒழுங்கில் கொண்டுவந்தபோது, ஒன்பது துறைமுகங்களில் அளந்து கண்ட சராசரிக் கடல்மட்டத்தையே பூஜ்யமாக வைத்துக்கொண்டார்கள். அவற்றுள் சென்னையும் நாகப்பட்டினமும் இரண்டு. அதற்கும் நூறாண்டுக்கு முன், 1802-இல், பரங்கிமலைக்கு அருகே லாம்டன் என்ற ராணுவ அதிகாரி அடிக்கோடு அளந்து தொடங்கிவைத்த திரிகோண அளவைதான் வடக்கே வளர்ந்து வளர்ந்து இமயத்தை எட்டி, 1852-இல் ராதாநாத் சிக்தர் என்ற வங்காளக் கணித நிபுணரின் கையில், பின்னர் எவரெஸ்ட் என்று பெயர்பெற்ற பதினைந்தாம் எண்ணிட்ட சிகரமே உலகில் உயர்ந்தது என்ற முடிவாகக் கனிந்தது.

அன்று தொட்டு அந்த உயரம் உலகத்தார் மனத்தில் ஒரு மோகமாகவே வளர்ந்துவிட்டது. 2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த கணக்குப்படி 8,848.86 மீட்டர் உயரமுள்ள அந்த எவரெஸ்டை, 1985 வரை பழைய இராமநாதபுரம் ஜில்லாவில் அடங்கியிருந்த விருதுநகர்ப் பகுதியைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதத்தில் அடைந்து, தமிழ்நாட்டுப் பெண்களுள் முதல்வர் என்ற பெருமையைப் பெற்றார். நம் சீமையார் யாவரும் மகிழத்தக்க காரியந்தான் அது. ஆனால் மலையேற்றம் என்றதுமே எவரெஸ்டைத் தவிர வேறொரு பெயர் நம் வாயில் வருவதில்லை என்பது அவ்வளவு மகிழத்தக்கதன்று. மலையேறுவோர் தம்முள் கூடியிருக்கையில் கேட்டுக்கொள்கிற கேள்விகளே வேறு: எந்த மலை, அதில் எந்தப் பக்கம், எந்த மாதம், எத்தனை பேர்? ஒரு பயணத்தின் பலாபலன், அடிவாரத்து மண்ணை மிதிப்பதற்கு ஓராண்டு முன்னதாகவே, தேசப்படங்களையும் புகைப்படங்களையும் முன்பு போனவர்கள் எழுதிவைத்த குறிப்புகளையும் விரித்து வைத்துக்கொண்டு செய்கிற இந்தத் தேர்விலேயே பெரும்பாலும் நிர்ணயமாகிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். அத்தேர்வில் உயரத்துக்கு நாம் கொடுக்கிற ஸ்தானம் மிகையானது.

உயரம் உடலை என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கீழக்கரையில் சங்கு குளிக்கிறவர் பத்து மீட்டர் ஆழம் இறங்கியதும், அவர் மேனியை அழுத்தும் பாரம் கரையில் இருந்ததற்கு இருமடங்காகிறது. மேல்நோக்கிப் போகிறவருக்கோ, காற்றின் அழுத்தம் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 5,500 மீட்டர் ஏறியாக வேண்டும். பிராணவாயுவின் பங்கு நூற்றுக்கு இருபத்தொன்று என்பது கடற்கரையிலும் சிகரத்திலும் ஒன்றே. குறைவதெல்லாம் காற்றின் நெருக்கம். எவரெஸ்டின் உச்சியில் கடல்மட்டத்து அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கே மிஞ்சுகிறது. சங்கு குளிப்பவர் சிறிது நேரத்தில் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொள்வார். மலையேறுகிறவரோ அந்த மெலிந்த காற்றிலேயே நாட்கணக்கில் உண்டு உறங்கி நடமாட வேண்டியவர். மூச்சு விரைவதும் இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகுவதுமாக உடல் தன்னைப் பழக்கிக்கொள்ள வாரங்கள் பிடிக்கும். ஆதலால்தான் 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தங்கும் இடத்தை நாளொன்றுக்கு 300 முதல் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தலாகாது என்று விதித்திருக்கிறார்கள். மீறினால் முதலில் தலைவலியும் குமட்டலும் வரும். அதையும் பொருட்படுத்தாமல் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்து. 8,000 மீட்டருக்கு மேலே எத்தனை நாள் இருந்தாலும் உடல் பழகுவதில்லை, தேய்ந்துகொண்டேதான் போகும். அந்த எல்லையைக் கடந்த சிகரங்கள் உலகில் பதினான்கே.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வாயுமண்டலம் பூமத்திய ரேகைப் பக்கம் தடித்தும் துருவங்களை நோக்கி மெலிந்தும் இருப்பதனால், அலாஸ்காவிலுள்ள 6,190 மீட்டர் உயரமான டெனாலியின் உச்சியில் நிற்பவர், அதே உயரமுள்ள இமயச் சிகரத்தில் நிற்பவரைவிடக் குறைந்த அழுத்தத்தில் மூச்சு வாங்குகிறார். ஆகவே உயரத்தின் விஷயத்திலேயே, படத்தில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பிவிடுவதற்கில்லை.

கடினத்தின் விஷயத்தில் அந்த எண் இன்னும் மோசமான வழிகாட்டி. உத்தராகண்டத்தில் நந்தாதேவியைச் சூழ்ந்து நிற்கும் சிகர வளையத்தில் திரிசூல் ஒன்று, சங்கபாங் மற்றொன்று. முன்னதன் உயரம் 7,120 மீட்டர், பின்னது 6,864 மீட்டர். டாம் லாங்ஸ்டாஃப் என்ற ஆங்கில மருத்துவர் 1907 ஜூன் 12 அன்று திரிசூலின் உச்சியை அடைந்தார். மனிதர் ஏறி முடித்த முதல் ஏழாயிரம் மீட்டர்ச் சிகரம் அது. கடைசிக் கூடாரத்திலிருந்து ஏறத்தாழ ஆறாயிரம் அடியை அவரும் தோழர்களும் ஒரே நாளில் கடந்துவிட்டார்கள் என்றால், அவர்களுடைய தேகபலம் ஒரு காரணமாயினும், அந்த மலையின் வடபுறம் செங்குத்தான பாறையோ பெரும் பிளவோ குறுக்கிடாமல் அகன்று நீண்ட பனிச்சரிவாக அமைந்திருப்பதே முக்கிய காரணம். 1951-இல் டேராடூனின் டூன் பள்ளி ஆசிரியர் குருதயாள் சிங் தம் குழுவுக்குத் தேர்ந்ததும் இதே திரிசூலைத்தான். சுதந்திர இந்தியாவின் மலையேற்ற சரித்திரத்தை அந்தப் பயணத்திலிருந்து தொடங்குவது வழக்கமாயிருக்கிறது. அனுபவம் குறைந்தவர்கள் பெரிய உயரத்தை நாடும்போது வழி எளிதாயிருக்கட்டும் என்று தீர்மானித்த அந்த விவேகத்தை ஏனோ அவ்வளவாக யாரும் பாராட்டுவதில்லை.

சங்கபாங்கின் கதையே வேறு. வெளிறிய கருங்கல் ஒரே கூர்ப்பல்லாக வானை நோக்கி எழுந்த அந்த மலையில் பனி தங்குவதற்கே இடம் குறைவு. திரிசூல் ஏறப்பட்டு அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1974 ஜூனில்தான், கிறிஸ் பானிங்டனும் பல்வந்த் சந்துவும் இருந்த இந்திய-பிரிட்டிஷ் கூட்டுக் குழுவினர் அதன் உச்சியை எட்டினார்கள். அதன் மேற்குச் சுவரை 1976-இல் பீட்டர் போர்ட்மன், ஜோ டாஸ்கர் என்ற இருவர் மட்டுமே ஏறினார்கள். கால் நீட்டிப் படுக்க ஒரு திட்டுக்கூட இல்லாத அந்தச் சுவரில் இரவுகளைக் கழிப்பதற்காக அவர்கள் இங்கிலாந்தில் உறைந்த உணவு வைக்கும் குளிர்கிடங்கு ஒன்றில் தொங்குபடுக்கை கட்டிப் படுத்துப் பழகிக்கொண்டு வந்தார்கள். மண்டபத்து இறால் கம்பெனிகளின் குளிரறைக்குள் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தவர்களுக்கு அந்தச் சாதகத்தின் அருமை விளங்கும்.

சரிவோடு பாறையின் ஜாதியையும் கவனிக்க வேண்டும். கங்கோத்திரிப் பிரதேசத்துச் சிவலிங் போன்ற மலைகளின் கருங்கல் இறுகியது, பிடித்தால் கையோடு வராது. பாகீரதி மூன்றாம் சிகரத்திலோ, நல்ல கருங்கல்லின் தலையில் உதிர்ந்துபோகிற கரும்பலகைக் கல் குந்தியிருக்கிறது. எவரெஸ்டின் உச்சிப்பாறை ஆதியில் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் என்பதையும், அதில் கடல்வாழ் ஜந்துக்களின் சுவடுகள் உண்டென்பதையும், தனுஷ்கோடியில் பவளக்கல்லால் எழுப்பி இன்று இடிந்து நிற்கும் மாதாகோயிலைப் பார்த்தவர்கள் தெரிந்துகொள்வதில் ஒரு சுவை இருக்கிறது.

உச்சியை எட்டுவதற்கு முன் அடியை எட்ட வேண்டுமே! 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவியின் காலடிக்குப் போகவே பலர் பல்லாண்டு முயன்று தோற்றார்கள். ரிஷிகங்கை அறுத்தோடும் பள்ளத்தாக்கு ஒன்றே அதற்கு வாசல், அதுவும் இருபுறமும் சுவரெழுந்த வாசல். 1934-இல் எரிக் ஷிப்டனும் டில்மனும் மூன்று ஷெர்பாக்களை மாத்திரம் துணைகொண்டு, குறைந்த செலவில், அதனூடே வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு ஆண்டுக்குப் பின், 1936 ஆகஸ்ட் 29 அன்று, டில்மனும் ஓடெலும் உச்சியில் நின்றார்கள். 1950-இல் பிரெஞ்சுக்காரர்கள் அன்னபூர்ணாவை ஏறும்வரை மனிதர் அடைந்த மிக உயர்ந்த சிகரமாக நந்தாதேவியே இருந்தது.

அந்த அன்னபூர்ணா பதினான்கு பெருஞ்சிகரங்களில் உயரத்தால் பத்தாவது. ஆனால் ஏறியவர் தொகையோடு ஒப்பிட்டால் அங்கே மாண்டவர் விகிதம் எவரெஸ்டைவிடப் பன்மடங்கு அதிகம். பனிச்சரிவுகள் ஓயாமல் இறங்கும் முகங்களின் வழியே அதன் பாதைகள் போவதே காரணம். பாறை ஏறுவதில் எத்தனை சாமர்த்தியம் இருந்தாலும், தலைக்குமேலே பெயரக் காத்திருக்கும் பனிக்கட்டியிடம் அது செல்லாது. எனவே அனுபவசாலிகள் ஒரு பக்கத்தைத் தேர்வதற்கு முன், அது பள்ளமா முதுகெலும்பா என்று பார்ப்பார்கள். மேலிருந்து விழுவதெல்லாம் பள்ளத்தில் இறங்கும், முதுகில் தங்காது. எளிய மலை என்ற பெயரும் காப்பாகாது. உத்தரகாசிப் பயிற்சி நிலையத்தின் மாணவர்கள் வழக்கமாக ஏறிவந்த, ஆறாயிரம் மீட்டர்கூட இல்லாத திரௌபதி கா டாண்டாவில் 2022 அக்டோபர் 4 அன்று பனிச்சரிவு இறங்கியபோது 27 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன. அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்டை ஏறித் திரும்பியிருந்த பயிற்றாசிரியை ஒருவரும் அவர்களுள் இருந்தார்.

மாதத்தைத் தேர்வது பற்றி நம் கரையோரத்தாருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. கச்சானும் வாடையும் எப்போது மாறும் என்பதை வைத்தே தொழில் செய்கிறவர்கள் நாம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துக்கொள்வதால் ஆடியில் இராமநாதபுரம் காய்கிறதல்லவா? அவ்விதமே இமயத்தின் பெருமதில் அந்த மழையைத் தெற்கிலேயே நிறுத்திவிடுவதால் லடாக் காய்ந்து கிடக்கிறது. கர்வாலிலும் நேபாளத்திலும் மழைக்கு முன் மே மாதமும், மழைக்குப் பின் செப்டம்பர், அக்டோபரும் உகந்தவை. லடாக்கிலும் காரகோரத்திலுமோ ஜூலை, ஆகஸ்டே பருவம். எவரெஸ்டின் உச்சியைப் பெரும்பாலான நாட்களில் அறைந்துகொண்டிருக்கும் மேல்வானத்து மேலைக்காற்று மே மாதத்தில் வடக்கே விலகும்போது கிடைக்கிற சில நாட்களுக்காகத்தான் அத்தனை கூட்டமும் அங்கே காத்திருக்கிறது. மழைக்குப் பிந்திய பருவத்தில் நம் வங்கக் கடலின் புயல்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம் இரண்டே நாளில் நேபாளத்தை அடைந்து, அன்னபூர்ணாவைச் சுற்றிய கணவாய்ப் பாதையில் பனியாகக் கொட்டி நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. தனுஷ்கோடியை அழித்த 1964-ஆம் ஆண்டுப் புயலின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு, அதே கடலில் பிறக்கும் காற்று இமயத்தின் மேலும் ஏறும் என்பது புதிய செய்தியாக இருக்கலாம்.

சில சமயம் மலையின் எந்தப் பக்கம் என்பதை ராஜ்ய எல்லை தீர்மானித்துவிடுகிறது. 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்காவை 1955-இல் பிரிட்டிஷார் நேபாளப் பக்கமாக ஏறினார்கள். சிக்கிம் மக்கள் வழிபடும் மலை என்பதனால் உச்சிக்குச் சற்றுக் கீழேயே நின்று திரும்பினார்கள். இந்திய ராணுவத்தார் அம்மலையை விரும்பியபோது சிக்கிம் பக்கத்து ஜெமு பனியாற்றிலிருந்து எழும் வடகிழக்கு முதுகையே எடுத்துக்கொண்டார்கள். 1929-லும் 1931-லும் பவுல் பவுரின் ஜெர்மானியக் குழுக்கள் மோதித் தோற்ற முதுகு அது. கர்னல் நரேந்திர குமாரின் தலைமையில் 1977 மே 31 அன்று பிரேம் சந்தும் நிமா டோர்ஜியும் அதன் வழியே மேலேறினார்கள். 1965-இல் கோலியின் தலைமையில் ஒன்பது இந்தியர் எவரெஸ்டில் நின்றதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். மலையேற்றத்தின் கண்கொண்டு பார்த்தால் கஞ்சன்ஜங்காவே பெரிய காரியம் என்பேன்.

நம் பக்கத்து இளைஞர் சிலர் இதில் இறங்க விரும்பினால், டார்ஜிலிங்கிலோ உத்தரகாசியிலோ நான்கு வாரப் பயிற்சி முடித்து, ஐயாயிரத்திலும் ஆறாயிரத்திலும் சில பருவங்கள் பழகியபின், ஏழாயிரத்துக்கு லடாக்கிலுள்ள 7,135 மீட்டர் நுன் சிகரத்தைப் பார்க்கலாம். விமானத்தில் லே நகருக்குப் போகிறவர்கள் கடல்மட்டத்திலிருந்து ஒரே நாளில் 3,500 மீட்டரில் இறங்குகிறார்கள் என்பதை மறந்து முதல் நாளே ஊர் சுற்றப் புறப்படலாகாது. அனுமதி டில்லியிலுள்ள இந்திய மலையேற்ற நிறுவனத்தின் வழியே கிடைக்கும். கேட்பதற்கு முன் மலை திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். நந்தாதேவியின் உள்வளையம் 1983 முதல் மூடிக்கிடக்கிறது. கஞ்சன்ஜங்காவின் இந்தியப் பக்கமும் அடைபட்டுவிட்டது. பூட்டானில் மலையேற்றமே கிடையாது.

உயரத்தின் தீர்ப்பு பெரும்பாலும் செல்லுகிற இடம் கட்டணச்சீட்டுத்தான். மீட்டர் ஏற ஏறப் பணமும் ஏறும். எவரெஸ்டுக்கு நேபாள அரசு வசந்த பருவத்தில் வெளிநாட்டாரிடம் ஆளுக்கு 11,000 டாலர் வாங்கிவந்ததை 2025-இல் 15,000 ஆக்கிவிட்டது. அதே ஆண்டில் தன் மேற்கு மாகாணங்களான கர்னாலியிலும் சுதூர்பஸ்சிமிலும் 97 சிகரங்களுக்கு, யாரும் வருவதில்லை என்ற காரணத்தால், இரண்டு ஆண்டுக்குக் கட்டணமே வேண்டாம் என்றும் அறிவித்தது.