முளைவிடும் ராகியும் மழலையர் உணவும்

பெங்களூரு நகரின் கிழக்கே அமைந்துள்ள வைட்ஃபீல்ட், 1882-ஆம் ஆண்டில் மைசூர் அரசர் பத்தாம் சாமராஜ உடையார் அளித்த நிலத்தில், ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கான உழவுக் குடியேற்றமாகத் தோன்றியது. இன்று அது கணினித் தொழிலின் பெருநிலையம். ஆயினும் அதற்கப்பால் ஹொஸ்கோட்டை, கோலார் வட்டாரங்களின் செம்மண் நிலங்களில் ராகி என்னும் கேழ்வரகே இன்றும் முக்கிய மானாவாரிப் பயிர். இப்பகுதியின் எளிய குடும்பங்களில், ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுடன் ஊட்டப்படும் முதல் உணவுகளுள் ராகிக் கூழ் தலையாயது.

அக்கூழில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மாவுச்சத்து கொதிநீரில் உப்பி நீரை ஈர்த்துக் கொள்வதால், 100 பங்கு கூழில் 10 பங்கு மாவு சேர்ந்த அளவிலேயே அது கெட்டியாகிவிடுகிறது. குழந்தையால் விழுங்க இயலாதபோது தாய் மேலும் நீர் சேர்க்கிறாள். சிறு வயிறு நிறைகிறது; உடலுக்கு வேண்டிய சக்தி கிடைப்பதில்லை. இதற்கான தீர்வை விதையே தன்னுள் வைத்திருக்கிறது.

விதையின் சேமிப்பு

தானிய விதையில் இரு பகுதிகள் முக்கியமானவை. ஒன்று, வருங்காலச் செடியாகிய கரு. மற்றொன்று, அக்கருவின் உணவுக்கெனத் தாய்ச்செடி சேர்த்து வைத்த முளைசூழ்தசை. இதன் பெரும்பகுதி மாவுச்சத்து; ஓரளவு புரதமும் உண்டு. இலை விரிந்து சூரிய ஒளியில் தானே உணவு தயாரிக்கும் வரை, இளஞ்செடிக்கு இந்தச் சேமிப்பே ஆதாரம். ஆனால் மாவுச்சத்தைக் கரு அப்படியே பயன்படுத்த முடியாது. அது சர்க்கரையாகச் சிதைய வேண்டும்.

இந்தச் சேமிப்பு எப்போது திறக்கப்பட வேண்டும் என்பதை இரு ஹார்மோன்கள் நிர்ணயிக்கின்றன. அப்சிசிக் அமிலம் விதையை உறக்கத்தில் வைக்கிறது. இவ்வுறக்கம் குறைந்த நெல் ரகங்கள் அறுவடைக்கால மழையில் கதிரிலேயே முளைத்து வீணாவதைக் காவிரிப் படுகை உழவர்கள் நன்கறிவர். இதற்கு எதிராக, விதையை எழுப்புவது ஜிப்பரெல்லின். நெற்பயிரை அளவுக்கு மீறி நெட்டையாக வளரச் செய்த ஒரு பூஞ்சைநோயை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் குரோசாவா, 1926-இல் இதன் செயலை முதலில் வெளிப்படுத்தினார்.

நீரை உறிஞ்சிய விதையில் அப்சிசிக் அமிலத்தின் பிடி தளர்கிறது. கருவிலிருந்து புறப்படும் ஜிப்பரெல்லின், முளைசூழ்தசையைப் போர்த்தியுள்ள அலூரோன் என்னும் மெல்லிய அடுக்கை அடைகிறது. அவ்வடுக்கு அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. நொதி மாவுச்சத்தைத் துண்டுகளாக்குகிறது, கரு வளர்கிறது. பார்லி விதையில் விரிவாக ஆராயப்பட்ட இம்முறையே தானியங்களின் பொதுவான வழி.

முளையை நிறுத்தும் தருணம்

இந்நொதியை மனிதரும் பயன்படுத்தலாம். சிறுதானியங்களுள் ராகி, முளைவிடும்போது அமைலேஸை நன்கு உண்டாக்குவது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் மல்லேஷியும் தேசிகாச்சாரும், முளைகட்டிய ராகியையும் பாசிப்பயற்றையும் கொண்டு கெட்டிப்படாத குழந்தை உணவொன்றை உருவாக்கி 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்டனர். பயறு சேர்ப்பதற்குக் காரணம், முளைகட்டுதல் ராகியின் புரதக் குறைவை நீக்குவதில்லை என்பதே.

வீட்டிலும் இதைச் செய்யலாம். ராகியைக் கழுவி ஓரிரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் இரண்டு நாள் முளைகட்ட வேண்டும். பின்னர் நன்கு உலர்த்தி, வேர்களைத் தேய்த்து நீக்கி, இளஞ்சூட்டில் வறுத்து அரைக்க வேண்டும். முளை மேலும் வளர விட்டால் விதையின் சேமிப்பைச் செடியே செலவிட்டுவிடும். சிவக்க வறுத்தால் நொதி அழிந்துவிடும். மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து மெல்லச் சூடேற்றினால், கொதிநிலையை எட்டுமுன் நொதி தன் பணியை முடிக்கிறது. அதன்பின் நன்கு கொதிக்க வைப்பது கிருமிகளைப் போக்க இன்றியமையாதது.

இவ்வாறு செய்த கூழில் 100-க்கு 20 பங்கு மாவு சேர்த்தாலும் குழந்தை விழுங்கும் பதம் மாறுவதில்லை. 200 மில்லி லிட்டர் கிண்ணத்தில் சாதாரணக் கூழ் சுமார் 65 கலோரி தருமெனில், இது சுமார் 130 கலோரி தரும். மேலும், இரும்புச் சத்தை உடல் ஏற்காமல் தடுக்கும் பைட்டிக் அமிலம் முளைகட்டும்போது ஓரளவு குறைகிறது.

தேவைப்படுவது அறிவு

ராகி மால்ட் என்ற பெயரில் வழங்கும் பானங்களெல்லாம் முளைகட்டிய மாவால் ஆனவை அல்ல. வெறும் ராகி மாவைக் காய்ச்சுவதையும் மக்கள் அப்பெயராலேயே அழைக்கின்றனர். முழு மாவையும் முளைகட்ட நேரமில்லாத தாய்க்கும் வழியுண்டு. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் குழுவினர் 1980-களில் நடத்திய ஆய்வுகள், முளைகட்டிய தானிய மாவைச் சிறிதளவு சேர்த்தாலே கெட்டிக் கூழ் இளகுவதைக் காட்டின.

இதற்குப் புதிய இயந்திரமோ அந்நியச் செலாவணியோ வேண்டியதில்லை. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள், தாய்மார்களுக்கு இதைச் செய்து காட்டத் தகுந்த இடங்கள். உணவுப்பொருளை வழங்குவதோடு, அதைப் பக்குவப்படுத்தும் முறையையும் கற்றுத் தந்தால், செலவிடும் ஒவ்வொரு பிடி தானியமும் குழந்தைக்கு முழுப்பயன் அளிக்கும்.