மொதல்ல தேதியைப் பாருங்க

பத்து மணிக்கு ஆன்லைன் டெஸ்ட். லேப்ல ஒரு பழைய சிஸ்டத்துல உட்கார்ந்து லிங்க்கைத் திறக்கிறீங்க. சிவப்பு முக்கோணம், "யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்". ஜிமெயிலைத் திறந்தா அங்கேயும் அதே. பக்கத்து சிஸ்டத்துல எல்லாம் ஒழுங்கா ஓடுது. இந்த நேரத்துல வைஃபையைத் திட்டுறதும், பிரௌசரை அழிச்சுட்டு மறுபடி இன்ஸ்டால் பண்றதும் வேண்டாம். திரையோட வலது கீழ் மூலையைப் பாருங்க. தேதி 2010-னு இருந்தா காரணம் கிடைச்சாச்சு.

தேதிக்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்? எச்டிடிபிஎஸ் தளம் ஒவ்வொன்றும் தன் அடையாளத்துக்கு ஒரு சர்டிஃபிகேட்டைக் காட்டும். நம்ம பஸ் பாஸ் மாதிரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். பிரௌசர் அதை உங்க கம்ப்யூட்டர் கடிகாரத்தோட ஒப்பிட்டுப் பார்க்கிறது. கடிகாரம் 2010-ல் நின்றால், இந்த வருஷம் கொடுத்த சர்டிஃபிகேட் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று அது நினைக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி ஓடினா எல்லாமே காலாவதி. கண்டக்டர்கிட்ட தப்பான காலண்டர் இருந்தா பஸ்ல யார் பாஸும் செல்லாதுல்ல, அதே கதைதான்.

இந்தத் தொல்லை இனி கூடத்தான் போகுது. முன்பு சர்டிஃபிகேட்டுகள் வருஷக்கணக்கில் செல்லும். 2020 செப்டம்பரிலிருந்து அதிகபட்சம் 398 நாள். 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள் என்று முடிவாகியிருக்கிறது. அப்புறம் தேதி ஒரு மாசம் தள்ளியிருந்தாலே பாதித் தளங்கள் முகத்தைத் திருப்பிக்கும்.

சரிசெய்ய, விண்டோஸில் கடிகாரத்து மேல ரைட் க்ளிக் பண்ணி "அட்ஜஸ்ட் டேட் அண்ட் டைம்" போங்க. தேதி வருஷக்கணக்கில் பின்னாடி இருந்தா "சிங்க் நவ்" மட்டும் அழுத்தினா பல நேரம் வேலைக்காகாது, ஏன்னா அவ்வளவு பெரிய வித்தியாசத்தை விண்டோஸ் தானா திருத்தாது. முதல்ல கையால தேதியைச் சரியா வைங்க, அப்புறம் சிங்க் பண்ணுங்க. லேப் சிஸ்டம் என்றால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். அதனால டெஸ்டுக்குக் கால் மணி நேரம் முன்னாடியே லேப் அசிஸ்டென்டைக் கூப்பிடுறது நல்லது.

நிறைய பேர் கோட்டை விடுற இடம் டைம் ஜோன். மணி சரியாத்தான் காட்டும், ஆனா ஜோன் அமெரிக்காவில் இருக்கும். ஒப்பிடுறது யுடிசி நேரத்தை வைத்து, அதனால உள்ளே 12, 13 மணி நேரம் தப்பாகும். "யுடிசி+05:30 சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி" என்று இருக்கான்னு பாருங்க.

தினமும் காலையில் தேதி பழையபடி ஓடிப்போனா மதர்போர்டில் இருக்கிற காசு மாதிரி செல் தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர் 2032, மூணு வோல்ட். (20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன், பேர்லயே அளவு இருக்கு!) பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை கடிகாரம் அதில் ஓடும். சாயந்திரம் மெயின் ஸ்விட்சை அணைத்தால் இந்தச் செல்தான் தாங்கணும். லேப் சிஸ்டங்கள் அடிக்கடி மாட்டுறது இதனாலதான். செல்லை மாற்றினால் போதும்.

"அட்வான்ஸ்டு" அழுத்தி "ப்ரொசீட்" கொடுத்து உள்ளே போறது மட்டும் வேண்டாம், முக்கியமா பாஸ்வேர்டு அடிக்கிற தளத்தில். கடிகாரம்தான் காரணம் என்று நீங்க நினைச்சுக்கிட்டு இருக்கும்போது, நடுவில் யாரோ போலி சர்டிஃபிகேட்டை நீட்டியிருந்தாலும் அதே பொத்தான்தான் அவங்களுக்கும் கதவைத் திறக்கும். ஜிமெயில் மாதிரித் தளங்களில் அந்தப் பொத்தானே வராது. ட்ரையல் சாஃப்ட்வேர் ஓடணும்னு தேதியைப் பின்னாடி தள்ளுற ஆளுங்களும் கவனிங்க: கடிகாரம் பின்னாடி இருந்தா, காலாவதியான சர்டிஃபிகேட்டும் பிரௌசருக்கு நல்லதாத் தெரியும்.

தேதி, ஜோன் எல்லாம் சரி, ஆனா ஒரே ஒரு தளம் மட்டும், போன் டேட்டாவிலும் இதே எரர் காட்டுதா? அப்போ காலாவதி ஆனது அவங்க சர்டிஃபிகேட். அந்தத் தளத்தை நடத்துறவங்கதான் புதுப்பிக்கணும்.