கொதிக்கவைத்த நீர் எதைப் போக்கும், எதைப் போக்காது?

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொரு குடும்பத்திடமும் நாங்கள் தவறாமல் கூறும் அறிவுரை ஒன்று உண்டு: "தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்துக் குடியுங்கள்." அது சரியான அறிவுரையே. ஆயினும், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளிலிருந்து வரும் தாய்மார்கள் தம் குழந்தையின் பற்களில் படிந்த பழுப்புக் கறையைக் காட்டி, "கொதிக்கவைத்த தண்ணீரைத்தானே கொடுக்கிறோம்?" என்று கேட்கும்போது, பாதியை மட்டுமே சொல்லி அனுப்பியிருக்கிறோம் என்பதை உணர்கிறோம். சொல்லாமல் விட்ட மறுபாதியை இங்கே விளக்குகிறோம்.

தண்ணீரில் சேரும் மாசுகளை மூவகையாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, கண்ணுக்குத் தெரியும் கலங்கல். நம் முன்னோர் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து, மண்ணும் தூசியும் அடியில் படியும்படி செய்தது இதற்காகத்தான். இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். மூன்றாவது, நீரில் கரைந்துவிட்ட உப்புகளும் வேதிப்பொருள்களும். இம்மூன்றுக்கும் தீர்வு ஒன்றன்று. தெளிந்த நீரில் கிருமி இருக்கலாம்; கிருமியற்ற நீரில் தீங்கான உப்பு கரைந்திருக்கலாம்.

கொதிக்கவைத்தல் கிருமிகளுக்கு உரிய தீர்வு. காலரா, டைஃபாய்டு, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை ஆகியவற்றைப் பரப்பும் கிருமிகள், மனிதக் கழிவு கலந்த நீரின் வழியாகவே பெரும்பாலும் உடலுக்குள் நுழைகின்றன. நீர் தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடம் அவ்வாறே கொதித்தால் அவை மடிந்துவிடும். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வோர், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோர், கைக்குழந்தைகள் ஆகியோர் உள்ள வீடுகளில் இதை ஒருநாளும் கைவிடக் கூடாது. ஆறிய நீரை மூடியும் குழாயும் உள்ள பாத்திரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திறந்த குடத்துக்குள் கைபடச் செம்பை விட்டு மொண்டால், கொதிக்கவைத்த பயன் அங்கேயே போய்விடும்.

கரைந்த பொருள்களின் நிலை வேறு. கொதிக்கும்போது நீர்தான் ஆவியாகிறது. ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவை பாத்திரத்திலேயே தங்கிவிடுகின்றன. ஒரு லிட்டருக்கு 1.6 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள 5 லிட்டர் நீர், கொதித்து 4 லிட்டராக வற்றினால், அதன் அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆகிவிடும். அத்தகைய நீரைக் கூடுதல் நேரம் கொதிக்கவைப்பதால் நன்மை விளைவதில்லை. தீமையே சற்று மிகும். புறஊதா விளக்கு மட்டும் பொருத்திய சுத்திகரிப்புக் கருவியும் கிருமிகளையே அழிக்கும், உப்புகளை அகற்றாது.

ஃபுளோரைடை எந்தத் தொழிற்சாலையும் கொட்டாமலே நம் கிணற்றில் காணலாம். ஃபுளோரைடு கனிமங்கள் அடங்கிய பாறைகளின் இடுக்குகளில் நீண்டகாலம் தங்கும் நீரில் அது மெல்லக் கரைகிறது. இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். இதற்கு மேற்பட்ட நீரைத் தொடர்ந்து பருகினால், ஈறுக்குள் பல் உருவாகும் முதல் எட்டு ஆண்டுகளில் குழந்தைகளின் பல் எனாமல் கெடுகிறது. முளைக்கும் பற்களில் வெண்கோடுகளோ பழுப்புக் கறையோ தோன்றும். மிகுந்த அளவில் பல ஆண்டுகள் பருகியவர்களுக்கு மூட்டு விறைத்து, முதுகு வளைந்து, தரையில் உட்கார்ந்து எழுவதே அரிதாகிவிடும். அவ்வாறு கெட்ட எலும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்தில்லை. உடலில் சேரும் ஃபுளோரைடில் பெரும்பங்கைச் சிறுநீரகமே வெளியேற்றுவதால், சிறுநீரகம் நலிந்தவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

நைட்ரேட் பெரும்பாலும் மனிதரால் வருவது. உரம் மிகுந்த வயலிலிருந்தும், சாக்கடையிலிருந்தும், கசியும் கழிவுத் தொட்டியிலிருந்தும் அது நிலத்தடி நீரை அடைகிறது. லிட்டருக்கு 45 மில்லிகிராமே அதன் எல்லை. அதற்கு மேற்பட்ட நீரில் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அவ்வாறு கண்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். தாய்ப்பால் மட்டும் அருந்தும் குழந்தைக்கு இந்த அச்சம் இல்லை.

அப்படியானால் வீட்டில் செய்ய வேண்டியது யாது? முதலில், நீங்கள் குடிக்கும் நீரைச் சோதித்து அறியுங்கள். ஃபுளோரைடையும் நைட்ரேட்டையும் நாவால் சுவைத்து அறிய இயலாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் நீரைச் சோதிக்கலாம். அளவு மிகுந்திருந்தால், குடிக்கவும் சமைக்கவும் மட்டுமாவது வேறு நீரைத் தேடுங்கள். குளிக்கவும் துவைக்கவும் அதே நீர் போதும். கூரையில் விழும் மழைநீரில் ஃபுளோரைடு ஏறக்குறைய இல்லை. முதல் மழையைக் கழித்துவிட்டு, வடிகட்டிச் சேமித்து, கொதிக்கவைத்துப் பருகலாம். முறையாகப் பராமரிக்கப்படும் ஆர்.ஓ. கருவி இவ்விரு பொருள்களையும் பெரிதும் குறைக்கும். அதிலிருந்து வெளியேறும் கழிவுநீரில் உப்பு செறிந்திருப்பதால் அதைப் பருகவோ சமைக்கவோ கூடாது. படிகாரமும் சுண்ணாம்பும் இட்டு ஃபுளோரைடைப் படியவைக்கும் நல்கொண்டா முறையை நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. அதில் சேர்க்கும் அளவு நீருக்கு நீர் மாறும் என்பதால், பயிற்சி பெற்றோரே அதைச் செய்ய வேண்டும்.

வீட்டு அடுப்பால் தீராதவை ஊர் கூடித் தீர்க்க வேண்டியவை. ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கவே வகுக்கப்பட்டு, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. தூய்மை செய்யாத கழிவை ஆற்றிலும் நிலத்திலும் விடுவதைத் தடுக்க 1974-இலேயே நீர் மாசு தடுப்புச் சட்டம் பிறந்தது. அதைச் செயற்படுத்தும் பொறுப்பு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துடையது. உங்கள் ஊருக்குக் குழாய் நீர் வருகிறதென்றால் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பருகுவதை விடுங்கள். வரவில்லை என்றால் கிராமசபையில் எழுந்து கேளுங்கள். கழிவுத் தொட்டி கசிந்தால் உடனே செப்பனிடுங்கள். அதன் கசிவு அண்டை வீட்டாரின் கிணற்றையும் அடையும்.

அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, நீங்கள் குடிப்பது ஆழ்துளைக் கிணற்று நீரா, குழாய் நீரா, விலைக்கு வாங்கும் நீரா என்பதையும், எத்தனை ஆண்டுகளாக அதைப் பருகுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சோதனை அறிக்கை இருந்தால் மருந்துச்சீட்டுடன் கொண்டுவாருங்கள். நாங்களும் இனி, "கொதிக்கவைத்தீர்களா?" என்பதோடு நில்லாமல், "எந்த ஊற்றின் நீர்?" என்றும் கேட்போம்.