‘எர்ராட்டிக்’ என்று எழுதிவிட்டார்களாம்!

“அம்மா, என்னைப் பத்தி ‘எர்ராட்டிக்’னு எழுதிட்டாங்க” என்று சொல்லிக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள் என் பெண். நைட் ஷிப்ட் முடிந்து, பிள்ளைப்பாக்கம் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

பத்தாவதோடு நின்றவள் நான். ‘எர்ரர்’ என்றால் தப்பு என்பது மட்டும் தெரியும். இவள் ஏதாவது தப்பு செய்துவிட்டாளோ? வயிற்றைக் கலக்கிற்று. அகராதியைப் புரட்டினால், ‘ஒரே சீராக இல்லாத’ என்று போட்டிருந்தது. பருவமழையைப் பற்றிப் பேப்பரில் எழுதுவார்களே, அதே சொல். 2015-ல் செம்பரம்பாக்கம் ஏரி தளும்பி நின்றதும், 2019 கோடையில் அதே ஏரி வறண்டு கிடந்ததும் நாம் பார்த்ததுதானே! மழையைச் சொல்லட்டும், பெண்ணைச் சொல்வானேன்?

பக்கத்துத் தெருவில் ரிடையர் ஆன டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் நிதானமாக விளக்கினார். லத்தீனில் ‘எர்ராரே’ என்றால் அலைவது. வழி தவறி அலைந்தால் ‘எர்ரர்’. ஓரிடத்தில் நில்லாமல் அலைவது ‘எர்ராட்டிக்’. 14-ம் நூற்றாண்டில் சாஸர் என்ற ஆங்கிலக் கவிஞர் கிரகங்களைத்தான் இப்படிச் சொன்னாராம். மற்ற நட்சத்திரங்கள் வரிசை கலையாமல் நகர, இவை மட்டும் இடம் மாறிக்கொண்டே இருந்தனவே! ‘பிளானட்’ என்பதற்கும் கிரேக்கத்தில் அலைகிறவன் என்றுதான் அர்த்தம். நம்மவர்கள் மட்டும் சளைத்தவர்களா? நாண்மீன், கோண்மீன் என்று சங்க காலத்திலேயே பிரித்து வைத்துவிட்டார்கள்.

“பஞ்சாங்கத்திலே செவ்வாய் வக்கிரம்னு பாத்திருப்பியேம்மா. சுமார் 26 மாசத்துக்கு ஒரு தடவை செவ்வாய் பின்னாடி போற மாதிரி தெரியும். நிஜமாப் போறதில்லே. நாம நிக்கிற பூமி வேகமா ஓடி அதைத் தாண்டுது, அவ்வளவுதான்” என்றார் டீச்சர்.

என் பெண் சட்டென்று நிமிர்ந்தாள். “வாராவாரம் ஷிப்டை மாத்தறது அவங்க, எர்ராட்டிக் நானா?”

அன்றைக்கே ஒரு நோட்டில் மூன்று மாத ஷிப்டுகளையும், தான் லேட்டாகப் போன நாட்களையும் எதிரெதிரே எழுதினாள். ஆறு லேட்டில் ஐந்து, ஷிப்ட் மாறிய மறுநாள்! சூப்பர்வைசரிடம் காட்டியிருக்கிறாள். “பாக்கலாம்” என்றாராம். எழுதியதை இன்னும் அடிக்கவில்லை.

என்னால் ஆனது, அவள் படுக்கும் அறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டேன். விடியற்காலை டீயை நிறுத்தச் சொன்னேன். வந்ததும் இரண்டு இட்லி, உடனே படுக்கை. மிக்ஸியைச் சாயங்காலம்தான் ஓட்டுகிறேன்.