கோழிச் சண்டையில் சிக்கிய வேன்

ஒரு வேனின் விலையைத் தொழிற்சாலை மட்டும் தீர்மானிப்பதில்லை, சுங்கமும் தீர்மானிக்கிறது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் அமெரிக்காவின் ‘கோழி வரி’.

1962இல் ஐரோப்பிய பொருளாதார சமூகம் கோழி இறைச்சிக்கான தீர்வையை உயர்த்தியது. மேற்கு ஜேர்மனியில் அமெரிக்கக் கோழி வியாபாரம் படுத்துவிட்டது. பதிலடியாக 1963 டிசம்பரில் ஜனாதிபதி ஜோன்சன் உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராண்டி, சிறிய லொறி ஆகியவற்றுக்கு 25 வீதத் தீர்வை அறிவித்தார். சரக்கு வேனும் லொறிக் கணக்கிலேயே சேர்ந்தது. முக்கிய குறி வொக்ஸ்வேகன் வேன். மற்றத் தீர்வைகள் பின்னர் இறங்கின. லொறித் தீர்வை மட்டும் இறங்கவில்லை.

பயணிகள் வாகனத்துக்கோ நெடுங்காலம் 2.5 வீதம்தான். இந்த வித்தியாசம் கம்பனிகளைச் சும்மா விடுமா? மெர்சிடிஸ் கம்பனி ஜேர்மனியில் பூட்டிய ஸ்பிரின்டர் வேன்களைக் கழற்றி அனுப்பி, தென் கரோலினாவில் மீண்டும் பூட்டியது. போர்ட் கம்பனி துருக்கியில் செய்த டிரான்சிட் கனெக்ட் வேன்களைப் பின் ஆசனத்தோடு பயணிகள் வாகனமாக இறக்கி, சுங்கம் தாண்டியதும் ஆசனங்களைக் கழற்றியது. 2013இல் சுங்கம் இதை ஏற்க மறுத்தது. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் சுங்கத்தின் பக்கமே நின்றது. 2024இல் போர்ட் 36.5 கோடி டொலர் செலுத்த இணங்கியது.

கோழிக்காக வந்த வரி உள்ளூர் லொறிக் கம்பனிகளுக்கு வேலியானது. அந்த வேலிக்கான செலவோ வேன் வாங்கிய சிறு வியாபாரியின் தலையில் விழுந்தது.

வியாபார நண்பர்களே, தீர்வை வித்தியாசத்தை மட்டும் நம்பி முதல் போடாதீர்கள். சுங்கம் பொருளின் வகையை மாற்றி எழுதினால், இலாபத்தோடு முதலும் போய்விடும்.