லேலண்டா... டாட்டாவா? 70 வருஷமாக ஓயாத லாரிச் சண்டை!
240 டயர் வண்டி ஊரைப் புரட்டிய கதை

கடப்பாரை விழுகிறது. கடையின் முன்பக்கத் தாழ்வாரம் பெயர்கிறது. பக்கத்து வீட்டுத் திண்ணைக்கும் அதே கதி.

ஆக்கிரமிப்பு அகற்றமா? இல்லை. கோர்ட்டு ஜப்தியா? அதுவும் இல்லை.

லாரி வருகிறது! அதற்கு வழி விட வேண்டும்!

2018-ம் ஆண்டு டிசம்பரில் வந்தவாசி பக்கம் கொரக்கோட்டை கிராமத்தில் இருந்து பெங்களூருக்குப் புறப்பட்டது ஒரு பெருமாள் சிலை. 64 அடி உயரம். ஒரே கல். அதைச் சுமந்த வண்டிக்கு 240 டயர்! சாதாரண லாரி ராத்திரி கிளம்பினால் விடிவதற்குள் போய்ச் சேருகிற தூரம். இது போய்ச் சேர்ந்தது 2019 ஜூனில். அரை வருஷம்! வழியில் டயர்கள் படார் படார் என்று வெடித்தன. கடைகளும் வீடுகளும் முன்பக்கம் இடிபட்டன. நஷ்டஈடு பேச்சு நடந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தென்பெண்ணையைத் தாண்ட, பாலம் தாங்காது என்று ஆற்றுக்குள்ளேயே மண் ரோடு போட்டார்கள்.

ஜனங்கள் சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக் கொண்டார்கள். லாரி தெரிந்தவன் பார்வை மட்டும் கீழே போகும். 'முன்னால் இழுக்கிறது எந்தக் கம்பெனி வண்டி?'

சினிமாவுக்கு இரண்டு ரசிகர் கட்சி உண்டு, அரசியலுக்கு உண்டு. லாரிக்கும் உண்டு என்பது எனக்குச் சமீபத்தில்தான் தெரிந்தது.

டயர் திருட்டு

நான் போலீஸ் செய்தியும் மாநகராட்சிச் செய்தியும் எழுதுகிறவன். லாரி என்றால் எனக்குத் தெரிந்தது 'லாரி மோதி வாலிபர் பலி' ஒன்றுதான்.

மாதவரம் லாரி ஸ்டாண்டில் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு ஸ்டெப்னி டயரைக் கழற்றிக் கொண்டு போய் விட்டார்கள் என்று தகவல் வந்தது. போனேன். டயரைப் பறிகொடுத்தவர் சங்ககிரிக்காரர். ஒரே லாரி வைத்திருப்பவர். அவரே முதலாளி, அவரே டிரைவர். 60 வயதை நெருங்குகிறவர். லாரியின் முன் சக்கரத்தின் மேல் கை வைத்தபடி நின்று கொண்டிருந்தார்.

"பத்தாம் தேதி டியூ கட்டோணுங்க தம்பி. இப்ப டயருக்கு எங்க போறது?" என்றார். லாரிக்கு ஒரு புது டயர் என்றால் இருபதாயிரத்துக்கு மேல்.

ஆறுதல் சொல்ல வந்த பக்கத்து வண்டி டிரைவர் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லி விட்டார். வியாசர்பாடிப் பையன். முப்பது வயசு இருக்கும்.

"அப்பவே சொன்னேன் இல்லண்ணே, லேலண்ட வித்துட்டு டாட்டா வாங்குன்னு!"

டயர் திருட்டுக்கும் இதற்கும் என்னய்யா சம்பந்தம்? ஆனால் பெரியவருக்கு டயர் மறந்து போயிற்று!

"நீ தொப்பூர் மேட்டுல லோடோட ஏறிப் பாத்திருக்கியா கண்ணு? லேலண்டு முக்காது, முனகாது. உன்ற வண்டி மூச்சு வாங்கிட்டு நிக்கும்."

"அது எல்லாம் அந்தக் காலம்ணே. என் வண்டி வழியில நின்னா பொட்டிக் கடையில கூட ஸ்பேர் கெடைக்கும். உன் வண்டி நின்னா மெட்ராஸ்ல இருந்து ஆள் வரணும். டீசல் கணக்கு போட்டுப் பாரு!"

பத்து நிமிஷத்தில் பதினைந்து பேர் கூடி விட்டார்கள். இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். போலீஸ் ஏட்டு புகாரை எழுதாமல் வேடிக்கை பார்த்தார். விசாரித்ததில் அவருடைய மாமனாரும் லேலண்ட் கட்சியாம்!

வால் நட்சத்திரம்

இந்தச் சண்டைக்கு வயசு 70 தாண்டி விட்டது.

1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் என்ற கம்பெனி ஆரம்பம் ஆயிற்று. ரகுநந்தன் சரண் என்ற பஞ்சாபிக்காரர் தொடங்கியது. முதலில் ஆஸ்டின் கார்தான் பூட்டினார்கள். பிறகு இங்கிலாந்து லேலண்டுடன் ஒப்பந்தம் ஆகி, 1951-ல் 'காமெட்' லாரி வெளியே வந்தது. 1955-ல் கம்பெனி பேரே அசோக் லேலண்ட் ஆயிற்று. காமெட் என்றால் வால் நட்சத்திரம். வால் நட்சத்திரம் தோன்றினால் ராஜாவுக்கு ஆகாது என்பார்கள் நம் ஊரில். இந்த வால் நட்சத்திரமோ கிளீனராக இருந்தவனை எல்லாம் முதலாளி ஆக்கியது!

அந்தப் பக்கம் ஜாம்ஷெட்பூரில் டாட்டாவின் 'டெல்கோ' 1945-ல் ரெயில் என்ஜின் கட்டுவதற்காகத் தொடங்கப்பட்டது. 1954-ல் ஜெர்மனியின் பென்ஸ் கம்பெனியோடு சேர்ந்து லாரியில் இறங்கியது. ஒப்பந்தம் 15 வருஷம். 1969-ல் முடிந்தது. வண்டி மூக்கில் இருந்த பென்ஸ் நட்சத்திரம் போய் 'டி' எழுத்து வந்தது. ஆனால் நம் ஜனம் விடுமா? அதற்கு அப்புறமும் ரொம்ப வருஷம் 'டாட்டா பென்ஸ்' என்றே சொல்லிக் கொண்டிருந்தது.

அதற்கு முன்னால் ரோட்டில் ஓடியவை பெட்போர்டு, டாட்ஜ், பார்கோ. பெரும்பாலும் பெட்ரோல் வண்டிகள். யுத்த காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பின்னால் அடுப்பு மாதிரி ஒரு டிரம்மைக் கட்டி, கரியை எரித்து, அந்த வாயுவில் பஸ்ஸும் லாரியும் ஓட்டினார்கள். பின்னர் சென்னை சிம்ப்சன் கம்பெனி பெர்கின்ஸ் டீசல் என்ஜின் செய்ய ஆரம்பித்ததும், பழைய பெட்ரோல் வண்டிகளின் வயிற்றில் அதைத் தூக்கி வைத்து ஓட்டினார்கள்.

தெற்கே லேலண்ட், வடக்கே டாட்டா என்று பாகப்பிரிவினை நடந்ததற்குக் காரணம் பெரிய ரகசியம் இல்லை. லேலண்ட் எண்ணூரில் பிறந்தது. நம் சர்க்கார் பஸ்களில் பெரும்பாலானவை அதுதான். பஸ் டிப்போவில் ஸ்பானர் பிடித்துப் பழகியவர்களே வெளியில் பட்டறை வைத்தார்கள். பட்டறைக்காரனுக்குத் தெரிந்த வண்டியைத்தான் லாரிக்காரன் வாங்குவான். வடக்கே போனால் இதே கதை டாட்டாவுக்கு.

டாரஸ் என்றால் என்ன?

பெரிய லோடு வண்டிகளில் லேலண்ட் வைத்த பேர்கள் வேடிக்கையானவை. பீவர், ஹிப்போ, டாரஸ். ஹிப்போ நீர்யானை. ஆறு சக்கரத்தில் நான்கு சக்கரம் இழுக்கிற ஹிப்போ டிப்பர்களை 1970-களில் ராணுவத்துக்கு மட்டும் ஆயிரம் கொடுத்தார்கள்.

டாரஸ் வந்தது 1980 வாக்கில். பின்னால் இரட்டை அச்சு. ஒரே பின் அச்சில் முதுகு வளைந்த லாரிக்கு அது பெரிய விடுதலை. டாரஸ் என்றால் ரிஷபம். பேர் அப்படியே நின்று விட்டது. இன்றைக்கும் பத்து சக்கர லாரி எதைப் பார்த்தாலும் நம் ஊரில் 'டாரஸ்' தான். டாட்டா வண்டியாக இருந்தாலும் டாரஸ்! நானே எத்தனை விபத்துச் செய்தியில் அப்படி எழுதியிருக்கிறேன் தெரியுமா? டாட்டா கட்சிக்காரர்களுக்கு இதில் தீராத வருத்தம்.

டாட்டா பேர் வைக்கவில்லை, நம்பர் வைத்தது. 1210, 1613, 2518. லாட்டரி நம்பர் மாதிரி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். முதல் இரண்டு எழுத்து, லோடும் வண்டியும் சேர்ந்த மொத்த எடை, டன் கணக்கில். அடுத்த இரண்டை பத்தால் பெருக்கினால் குதிரை சக்தி. 2518 என்றால் 25 டன், 180 குதிரை. இதை ஒரு கிளீனர் பையன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். பிற்பாடு லேலண்டும் இதே மாதிரி நம்பருக்கு வந்து விட்டது.

"பவர் ஸ்டியரிங், ஏர் பிரேக் எல்லாம் முதல்ல கொண்டாந்தது யாருங்க?" என்று லேலண்ட் கட்சி கேட்கும். "முதல்ல கொண்டாந்தா போதுமா? ஊரெல்லாம் ஓடுறது எது?" என்று டாட்டா கட்சி திருப்பிக் கேட்கும். இரண்டு பேரும் ஒரு விஷயத்தை மறைப்பார்கள். லேலண்ட் ஜப்பான் ஹினோவிடம் என்ஜின் வித்தை கற்றது. டாட்டா 1993-ல் அமெரிக்க கம்மின்ஸோடு கூட்டு சேர்ந்தது. ஆக 'சொந்தச் சரக்கு' என்று மார் தட்ட இருவருக்குமே கொஞ்சம் கஷ்டம்தான்.

வீட்டுப் பத்திரம்

வெளியே நின்று பார்த்தால் சிரிப்பாக இருக்கும். ஆனால் சங்ககிரிக்காரர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருடைய அப்பா காமெட் லாரியில் சம்பள டிரைவர். பிறகு அதே மாதிரி ஒரு பழைய காமெட்டை, வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து வாங்கினார். அந்த வண்டி ஓடித்தான் இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் நடந்தது, பத்திரமும் திரும்பி வந்தது. "அது வழியில படுத்திருந்தா நாங்க நடுத்தெருவுல நின்னிருப்போமுங்க" என்றார்.

ரசிகன் தன் நடிகர் தோற்றால் படம் பார்க்காமல் இருக்கலாம். லாரிக்காரன் வாங்கிய வண்டி காலை வாரினால் பைனான்ஸ்காரன் வீட்டுக்கு வருவான். தப்பிய வண்டியின் மேல் பாசம் வைக்காமல் என்ன செய்வான்?

அந்தக் காலத்தில் வண்டி வாங்குவதே ஒரு வீர சாகசம். கம்பெனியில் இருந்து வெறும் சேஸ் தான் வரும். கேபினும் இல்லை, கண்ணாடியும் இல்லை. ஒரு சீட்டைக் கட்டி, தலையில் துண்டை இறுக்கி, வெயிலிலும் மழையிலும் நாள் கணக்கில் ஓட்டி வருவார்கள். நாமக்கல் பட்டறையில் விட்டால் மரமும் தகரமும் சேர்ந்து பாடி எழும்பும். யானை, தாமரை, குலதெய்வம் பேர், பின்னால் திருஷ்டி பொம்மை. ஒரே கம்பெனி வண்டிதான், ஆனால் ஒன்று போல் ஒன்று இருக்காது. இப்போது பெரும்பாலும் கம்பெனியே கேபினோடு கொடுக்கிறது. கேபின் கட்டியவர்கள் பலர் டிரெய்லர், டேங்கர் என்று மாறி விட்டார்கள்.

மூன்றாம் கட்சி

இருவர் சண்டையில் மூன்றாமவன் புகுந்தான். 1998-ல் பெங்களூர் பக்கம் ஹொஸ்கோட்டையில் வால்வோ லாரி உற்பத்தி தொடங்கியது. 400 குதிரை சக்திக்கு மேல்! கனரக லோடு இழுக்கிறவர்கள் பார்வை அந்தப் பக்கம் திரும்பியது. 2019 ஜூலையில் மராட்டியத்தில் இருந்து விண்வெளி மையத்துக்கான ராட்சத இயந்திரத்தை ஏற்றிக் கொண்டு 74 சக்கர வண்டி ஒன்று கிளம்பியது. ஊரடங்கில் மாட்டி, திருவனந்தபுரம் போய்ச் சேர ஒரு வருஷம் ஆயிற்று. இழுத்தது வால்வோ.

டாட்டா சும்மா இருக்குமா? 2004-ல் கொரியாவின் டேவூ லாரிக் கம்பெனியையே வாங்கியது. அந்த வழியில் 'பிரைமா' வந்தது. 1969-ல் டாட்டாவை விட்டுப் பிரிந்த பென்ஸ் தெரியுமில்லையா? 2012-ல் அது நம் ஒரகடத்திலேயே 'பாரத்பென்ஸ்' என்று தொழிற்சாலை போட்டு விட்டது. லேலண்டின் வாசலில்!

இதற்கு மேலே ஒரு உலகம் இருக்கிறது. அங்கே லாரிக்குப் பேர் 'புல்லர்'. பின்னால் வருவது 'ஹைட்ராலிக் ஆக்சில்'. பெருமாளைச் சுமந்தது அந்த ஜாதிதான். ஒரு வரிசைக்கு 8 டயர் என்று கணக்குப் போட்டால் 240 டயருக்கு 30 வரிசை. ரோடு மேடு பள்ளமாக இருந்தாலும் எண்ணெய் அழுத்தத்தில் ஒவ்வொரு வரிசையும் ஏறி இறங்கி, மேலே தட்டு சமமாக நிற்கும். வளைவில் ஒவ்வொரு வரிசையும் தனித்தனியாகத் திரும்பும். முன்னால் இழுக்க ஒன்று, பின்னால் தள்ள ஒன்று. கவட்டைக் கம்போடு ஆட்கள் முன்னால் நடந்து கரண்ட் கம்பியைத் தூக்கிப் பிடிப்பார்கள். ஒரு கம்பி நழுவினால் ஆள் கரிக்கட்டை. தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் 50, 60 மீட்டர் நீளக் காற்றாலை இறக்கைகள் போவதும் இப்படித்தான். அங்கே உள்ளவர்களுக்கு லேலண்ட், டாட்டா சண்டை சின்னப் பிள்ளை விளையாட்டு. அவர்கள் சண்டை ஜெர்மனி கோல்டுஹோபரா, பிரான்ஸ் நிக்கோலஸா என்பது!

லேப்டாப் வைத்தியம்

வண்டிகள் சொகுசாகி விட்டன. என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து கால் வெந்த காலம் போய், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் பெரிய லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம்.

ஆனால் பெரியவர் கவலை வேறு. 2020-ல் புதுப் புகைச் சட்டம் வந்த பிறகு எல்லாம் சென்சார் மயம். டீசலோடு யூரியா கரைசலும் ஊற்ற வேண்டும். ஒரு சின்னக் கோளாறு என்றால் வண்டி சக்தியைக் குறைத்துக் கொண்டு நகர மறுக்கும். ரோட்டோரப் பட்டறைக்காரன் கையை விரிக்கிறான். லேப்டாப்போடு கம்பெனி ஆள் வர வேண்டும்.

"எந்த வண்டி வாங்கினாலும் இப்ப ஒண்ணுதாங்க. எல்லாத்துக்கும் மெட்ராஸ்ல இருந்துதான் ஆள் வரோணும்" என்றார் மெதுவாக. வியாசர்பாடித் தம்பி இதை மறுக்கவில்லை.

இவருடைய வண்டி 2014 மாடல். விற்று விட்டு வேறு தொழில் பார்க்கச் சொல்கிறானாம் மகன். டிரைவர் வேலைக்கு அவன் வர மாட்டானாம்.

டயர் திருட்டு கேஸில் இரண்டு பேரைப் பிடித்து விசாரித்து வருகிறார்கள். டயர் இன்னும் கிடைக்கவில்லை. தூத்துக்குடி லோடு காத்திருந்தது. ஸ்டெப்னி இல்லாமல் அவ்வளவு தூரம் போக முடியாது. கடைசியில் டாட்டா கட்சித் தம்பி தன் வண்டி ஸ்டெப்னியைக் கழற்றி உருட்டிக் கொண்டு வந்தார். அளவு சரியாக இருந்தது.

"திரும்பி வரும்போது குடுண்ணே" என்றார்.