மூசிக்கு அக்கரையில் ஒரு கதவு

இளையோர் புத்தக அலமாரி – 11

சென்ற வாரம் பள்ளிக்கூட மாயக்கதைகளைப் பார்த்தோம். அவற்றில் மந்திரம் வேண்டுமென்றால் ஊரைவிட்டுப் போக வேண்டும். ரயிலேறி, மலை தாண்டி, எங்கோ ஒரு கோட்டைக்குள் நுழைந்தால்தான் அது கிடைக்கும். இந்த வாரம் எடுத்துக்கொள்ளும் அர்பன் ஃபேன்டஸி, அதாவது நகர மாயக்கதை, ஊரைவிட்டு நகர்வதே இல்லை. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், பூட்டிக் கிடக்கும் ஓட்டலுக்குள், தினமும் கடந்து போகும் கல்லறைச் சுவருக்கு அப்பால் இன்னொரு ஊர் இருக்கிறது என்று அது சொல்கிறது. அதைப் பார்க்கும் கண் பதினைந்து, பதினாறு வயதில் ஒருநாள் திடீரென்று திறக்கிறது. பதின்பருவப் பிள்ளைகள் இதற்கு ஏன் இப்படி மயங்குகிறார்கள், ஹைதராபாத் போன்ற ஒரு நகரத்தில் இதைப் படிக்கும் பிள்ளைக்கு எது கிடைக்கிறது, எது கிடைக்காமலே போகிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

கசாண்ட்ரா கிளேர் எழுதிய ‘தி மார்ட்டல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்’ வரிசையை எடுத்துக்கொள்வோம். 2007-ல் ‘சிட்டி ஆஃப் போன்ஸ்’ என்ற நூலோடு தொடங்கி 2014-ல் ஆறாவது நூலோடு முடிந்தது. இடையில் 2013-ல் திரைப்படம் வந்தது. 2016-லிருந்து தொலைக்காட்சித் தொடரும் ஓடியது. நியூயார்க்கில் தாயோடு வாழும் கிளாரி என்ற பெண், ஓர் இரவு விடுதியில் மற்றவர் கண்ணுக்குத் தெரியாத சிலரைப் பார்த்துவிடுகிறாள். அந்த நிமிடத்திலிருந்து அவள் ஊர் இரண்டாகிறது. இடிந்த தேவாலயம் என்று எல்லோரும் நினைத்திருந்த கட்டடம், அரக்கர்களை வேட்டையாடும் ஒரு மரபினரின் இருப்பிடம். பாழடைந்த ஓட்டல் ரத்தக்காட்டேரிகளுடையது. சைனா டவுனில் கைவிடப்பட்ட காவல் நிலையம் ஓநாய் மனிதர்களுடையது. இவர்களுக்குள் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஒப்பந்தம் இருக்கிறது. யார் எந்த எல்லையைத் தாண்டலாம், யாரை யார் கொல்லக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வாளும் மந்திரக் குறிகளும் அட்டைப்படத்துக்கு உதவும். பிள்ளைகளைப் பிடித்து வைப்பது இந்த நிர்வாகத் தகவல்கள்தான் என்பேன். காரணம் சொல்லாமல் விதிக்கப்படும் ஆயிரம் கட்டுப்பாடுகளுக்கு நடுவே வளர்கிற வயது அது. ஒவ்வொரு விதிக்கும் ஒரு பழைய கதை காரணமாக இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் ஊரில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்லும் புத்தகம் அந்த வயதுக்குப் பெரிய கொடை.

குறைகள் இல்லாமல் இல்லை. நடை பல இடங்களில் சுமார். காதலிக்கும் இருவரையும் உடன்பிறந்தவர்கள் என்று நம்பவைத்து மூன்றாம் நூல்வரை இழுத்துக்கொண்டு போனது கதைக்கு எந்த நன்மையும் செய்யவில்லை. ஆனால் வாசகர்கள் யாரைப் பிடித்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். மந்திரக் கண் எதுவும் இல்லாத, கிளாரியின் பின்னாலேயே ஓடிவரும் பள்ளித் தோழன் சைமன் ஒருவன். புரூக்ளினில் குடியிருக்கும், பல நூற்றாண்டு வயதான சூனியக்காரர் மேக்னஸ் பேன் இன்னொருவர். இருவருமே முதல் நூலில் ஓரத்தில் நிற்பவர்கள். பின்னால் இருவருக்கும் தனித்தனியாகக் கதைத் தொகுப்புகளே எழுத வேண்டி வந்தது. பிறப்பால் உரிமை பெற்ற வேட்டையரைவிட, பிறப்பால் வெளியே நிறுத்தப்பட்டும் ஊரை விட்டுக்கொடுக்காத இந்த இருவரிடம்தான் வாசகர் தம்மைக் கண்டார்கள். அந்த நூல்களில் பிள்ளைகள் தேடுவது மாயம் என்று பெரியவர்கள் எண்ணுகிறார்கள். அவர்கள் தேடுவது ஊருரிமை.

இப்போது ஹைதராபாத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபிட்ஸ் பகுதியில் மூடிய கடைகளின் முன்னால் நடைபாதை நெடுகப் பழைய புத்தகங்கள் விரிக்கப்படுகின்றன. நுழைவுத் தேர்வு கைடுகளுக்கு நடுவே முதுகு மடங்கிய ஆங்கில மாயக்கதைகள் கிடக்கும். வரிசையில் இரண்டாவது இருக்கும், முதலாவது இருக்காது. அவற்றைப் பொறுக்கியெடுத்துப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு மன்ஹாட்டனின் சந்துகள் அத்துப்படியாகிவிடும். அதே பிள்ளை கச்சிபௌலியிலோ கோண்டாபூரிலோ அடுக்குமாடியில் வளர்வதாக இருந்தால், சார்மினாருக்குத் தெற்கே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ரம்ஜான் மாதத்து ஹலீம், லாட் பஜாரின் வளையல், அதோடு பதில் நின்றுவிடும். இதில் பிள்ளையின் குற்றம் எதுவும் இல்லை. நகரமே அப்படித்தான் கட்டப்பட்டு வருகிறது. 1998-ல் சைபர் டவர்ஸ் திறந்த பிறகு ஊரின் பணமும் சாலையும் மேற்கு நோக்கியே போயின. பழைய நகருக்குள் ஃபலக்னுமாவரை போக வேண்டிய மெட்ரோவின் பச்சை வழித்தடம், 2020-ல் திறக்கப்பட்டபோது மூசி ஆற்றை ஒட்டிய எம்ஜிபிஎஸ் நிலையத்தோடு நிறுத்தப்பட்டது. மிச்சப் பாதை ஆண்டுக்கணக்கில் பேச்சாகவே நீண்டது.

இத்தனைக்கும் நகர மாயக்கதைக்கென்றே வார்த்துவைத்த ஊர் ஹைதராபாத். ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானைப் பற்றி இன்றும் சொல்லப்படும் கதை ஒன்றே போதும். அவருக்குப் பாம்புக்கடியைக் குணப்படுத்தும் சக்தி இருந்தது என்று மக்கள் நம்பினார்கள். கடிபட்டவருக்காக எந்த நேரத்திலும் அவரை எழுப்பலாம், தூங்குகிறார் என்று காவலர் தடுக்கக் கூடாது, தூரத்து ஊரென்றால் தந்தி அடித்தாலும் போதும் என்பது வழக்கு. 1911-ல் இறந்து மெக்கா மசூதி வளாகத்தில் அடக்கமான பிறகும் அந்த நம்பிக்கை அவர் கல்லறைவரை வந்தது. ஒரு மன்னர், ஒரு தந்தி அலுவலகம், ஒரு பாம்பு, ஒரு விதி: கிளேர் ஆறு நூல்களில் தேடியலைந்த கலவை இங்கே ஒரே வாக்கியத்தில் கிடக்கிறது. அந்த வம்சத்தின் முதல்வர் ஒரு சூஃபி பெரியவரின் வீட்டில் ஏழு குல்ச்சா ரொட்டி தின்றதால் ஏழு தலைமுறை ஆட்சி கிடைத்தது என்றொரு கதையும் உண்டு. நிஜாமின் கொடியில் இருந்த வட்டம் அந்த ரொட்டிதான் என்பார்கள். இன்றைய ஊரிலும் இதற்குக் குறைவில்லை. சில்கூர் பாலாஜி கோயிலில் விசா வேண்டிப் போகிறவர்கள் முதலில் 11 சுற்று சுற்றுகிறார்கள், கிடைத்தால் திரும்பி வந்து 108 சுற்று. அங்கே உண்டியல் கிடையாது. ஹுசேன் சாகர் ஏரியின் நடுவில் நிற்கும் ஒற்றைக்கல் புத்தர், தமிழ்நாட்டுச் சிற்பி எஸ்.எம். கணபதி ஸ்தபதியின் தலைமையில் செதுக்கப்பட்டவர். 1990 மார்ச்சில் தெப்பத்தில் ஏற்றிக் கொண்டுபோகும்போது கவிழ்ந்து, உயிர்களையும் பலிகொண்டு, ஏரியின் அடியில் இரண்டு ஆண்டுக்கு மேல் கிடந்தார். 1992 டிசம்பரில்தான் எழுந்து நின்றார். அந்த இரண்டு ஆண்டுகளும் நீருக்கடியில் யாரோடு பேசிக்கொண்டிருந்தார் என்று இதுவரை ஒரு நாவலாவது கேட்டிருக்க வேண்டாமா? மொழியே கைகொடுக்கும் ஊர் அது. ஹைதராபாத்தின் தக்கனி பேச்சில் ‘பர்சோன்’ என்றால் முந்தாநாள் மட்டும் இல்லை. போன மாதமும் பர்சோன், பத்து வருடத்துக்கு முன்னாலும் பர்சோன். கடந்த காலம் முழுவதையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் அப்படியொரு சொல் கதைசொல்லிக்குப் பெரிய வரம்.

கதை நல்லதாக இருந்தால் எந்த ஊரில் நடந்தால் என்ன, லண்டன் தெருக்களைப் படித்து வளர்ந்தவர்கள் கெட்டா போனார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. பிற வகைக் கதைகளுக்கு இந்த வாதம் பொருந்தும். நகர மாயக்கதைக்குப் பொருந்தாது. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்தால் அதே தெரு, அதே சுவர், ஆனால் இப்போது வேறு மாதிரி தெரிகிறது என்பதுதான் அந்த வகை தரும் தனி இன்பம். ‘சிட்டி ஆஃப் போன்ஸ்’ தன் பாதாள நகரத்துக்கு வழியாக வைத்திருக்கும் கல்லறைத் தோட்டம் மன்ஹாட்டனில் உண்மையாகவே இருக்கிறது. நியூயார்க் பிள்ளை அதன் வாசலில் போய் நிற்கலாம். ஹைதராபாத் பிள்ளைக்குப் பாதி இன்பம்தான் வந்து சேர்கிறது. நம் புராணங்களை வைத்து எழுதப்பட்டாலும் விடுபட்ட பாதி மீளவில்லை. ரோஷணி சோக்ஷி 2018-ல் தொடங்கிய ‘ஆரு ஷா’ வரிசையில் பாண்டவர்கள் சிறுமிகளாக மறுபிறவி எடுக்கிறார்கள், கலகலப்பான கதைதான். ஆனால் நாயகி ஆரு வாழும் ஊர் அட்லாண்டா. எதிர்ச் சான்றும் இருக்கிறது. 2025-ல் வந்த மலையாளப் படம் ‘லோகா’ கள்ளியங்காட்டு நீலியைக் கொண்டுவந்து பெங்களூரில் குடிவைத்தது. திரளாகப் போய்ப் பார்த்தார்கள். யட்சி பக்கத்துக் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கிறாள் என்பதே பாதி வெற்றி.

இதைவிடக் கனமான ஆட்சேபம் மூடநம்பிக்கை பற்றியது. தெலுங்கில் எண்டமூரி வீரேந்திரநாத் வாரப் பத்திரிகையில் எழுதிய ‘துளசிதளம்’ தமிழிலும் பெயர்பெற்றது. ஒரு குழந்தையின்மேல் ஏவப்படும் காஷ்மோரா என்ற செய்வினைதான் கதை. நம்மூரில் பலருக்கு அந்தச் சொல் கார்த்தி நடித்த படத்தின் பெயராகத் தெரியும். வாசகர் கூட்டம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய எதிர்ப்பும் வந்தது. ரங்கநாயகம்மா போன்ற எழுத்தாளர்கள் கடுமையாகத் தாக்கினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. பாணாமதி என்ற செய்வினைச் சந்தேகத்தின் பேரில் தெலங்கானா கிராமங்களில் ஏழைகளை அடித்துக் கொன்ற சம்பவங்கள் உண்மையானவை. செய்வினை மெய்யா பொய்யா என்று வாசகரைக் கடைசிவரை ஊசலாட விடும் கதை, அந்தச் சந்தேகத்துக்குத் தீனி போடுகிறது. நல்ல நகர மாயக்கதை அப்படி ஊசலாடுவதில்லை. முதல் அத்தியாயத்திலேயே இது கற்பனை உலகம் என்று பேசி முடித்துவிடுகிறது. ஓநாய் மனிதரோ என்று யாரும் அண்டைவீட்டாரைச் சந்தேகிப்பதில்லை. பயத்தை விற்பதற்கும் வியப்பைத் தருவதற்கும் நடுவிலுள்ள இந்தக் கோட்டை ஆசிரியர்கள் மதிக்க வேண்டும். மதிக்காத நூலை விமர்சகர்கள் விடக் கூடாது.

எனக்கு உண்மையில் அச்சம் தருவது மூன்றாவது ஆட்சேபம். இந்த வகைக்கு ஒரு கீழுலகம் தேவை. ஹைதராபாத்தில் கதை எழுதப் புகுந்தால் அந்தக் கீழுலகத்தை எங்கே வைப்பார்கள்? மேற்கே கண்ணாடிக் கட்டடத்தில் வாழும் நாயகன், மூசி ஆற்றைத் தாண்டிப் பழைய நகரின் இருண்ட சந்துகளுக்குள் ஜின்களை வேட்டையாடப் போவான். எழுதுகிறவருக்குக் கெட்ட எண்ணமே இல்லாவிட்டாலும், அக்கரை முஸ்லிம் குடியிருப்புகள் பூதங்களின் இருப்பிடமாகிவிடும். ஏற்கெனவே அந்தப் பகுதியைப் பற்றிச் செய்தியிலும் சினிமாவிலும் கட்டிவைத்திருக்கும் பொய்க்கு இன்னொரு சுவர் எழும்பும். இந்த அச்சத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் பதிலும் அந்த நூல்களுக்குள்ளேயே இருக்கிறது. கிளேரின் வரிசையில் வில்லன் வாலன்டைன் எந்தப் பூதமும் இல்லை; தூய ரத்தத்தை நம்பி, கலப்பினரையெல்லாம் ஒழிக்கப் புறப்பட்ட வேட்டையன், நாயகியின் தந்தை. அவளைப் பாசத்தோடு வளர்த்தவர்களில் ஒருவரான லூக்கோ புத்தகக் கடை நடத்தும் ஓநாய் மனிதர். யாரைக் கீழுலகத்தார் என்றார்களோ அவர்கள்தான் ஊரின் பழைய குடிகள் என்று கதை படிப்படியாக ஒப்புக்கொள்கிறது. ஹைதராபாத் கதையும் அங்கிருந்து தொடங்கலாம். பூதத்தை மேற்கே வைக்கலாம்: தூர்க்கப்பட்ட ஏரிகளின்மேல், கோடிக்கணக்கான ஆண்டுகளாக நின்று, வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட கருங்கல் பாறைகளின்மேல் எழும்பிய கோபுரங்களில். அக்கரையில் இருப்பவர்கள் ஊரின் விதிகளை இன்னும் மறக்காதவர்களாக இருக்கட்டும். அப்போது ஆற்றைக் கடக்கும் பிள்ளை வேட்டைக்குப் போகாது, கற்றுக்கொள்ளப் போகும்.

இது நடக்காத கனவு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஹைதராபாத்தின் அன்வேஷி பெண்கள் ஆய்வு மையம் 2008-ல் ‘டிஃபரென்ட் டேல்ஸ்’ என்ற சிறுவர் நூல் வரிசையைத் தெலுங்கு, மலையாளம், ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. பாடநூல்களிலும் படக்கதைகளிலும் இடமே கிடைக்காத தலித், முஸ்லிம் பிள்ளைகளின் வீடும் சமையலும் விளையாட்டும் அதில் கதையாயின. கோகு ஷ்யாமளாவும் முகமது கதீர் பாபுவும் எழுதினார்கள். மாயம் ஏதும் இல்லாத எதார்த்தக் கதைகள்தான். ஆனால் ஒரு பிள்ளை தன் தெருவை அச்சில் பார்ப்பது எத்தனை பெரிய விஷயம் என்று அந்த ஊரில் சிந்தித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று. அடுத்த படி, அதே மரியாதையோடு ஒரு மாயக்கதை.

ஹைதராபாத்தில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாராவது நோட்டுப் புத்தகத்தில் ரகசியமாக இப்படியொரு கதை எழுதிக்கொண்டிருக்கலாம். அது நியூயார்க்கில் நடக்கலாம். கிண்டல் செய்யாதீர்கள், ஊரை மட்டும் மாற்றி எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபிட்ஸிலிருந்து அப்படியே அஃப்சல்கஞ்ச் கூட்டிப் போங்கள். 1908 செப்டம்பர் 28 அன்று மூசி பொங்கி ஊரை அழித்தபோது ஏறத்தாழ 150 பேர் ஏறித் தப்பித்ததாகச் சொல்லப்படும் புளியமரம் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கிறது. கவிஞர் அம்ஜத் ஹைதராபாதி தாயையும் மனைவியையும் மகளையும் இழந்தது அந்த வெள்ளத்தில்தான். பார்த்துவிட்டு வெளியே வந்தால் நயாபுல். பாலத்தைக் கடந்தால் அக்கரை, நடந்தே சார்மினார் போகலாம்.